போருக்குப் போனவள்

ஒரு பாளையத்து அரண்மனையில் நெல் குத்துகிற பூமயில் என்றொருத்தி இருந்தாள். போன வருஷத்துப் போரில் புருஷனைப் பறிகொடுத்தவள். அந்தப் போரை வைத்து அவள் கட்டிய பாட்டு ஊரெல்லாம் பரவியது. ஆஸ்தான கவிராயருக்குப் பொறுக்கவில்லை. ராஜாவிடம் சொல்லி அவளைச் சபைக்கு வரவழைத்தார்.

“பொம்பளை பாட்டில் கண்ணீர் இருக்கும், வீரம் இருக்காது. வாளையே தொடாதவள் போரைப் பாடலாமா? இனி நீ வாயே திறக்கக்கூடாது!” என்று அதட்டினார் கவிராயர்.

பூமயில் கும்பிட்டாள். “சரி சாமி. நீங்க எந்தப் போரிலே வாள் பிடிச்சீங்க?”

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். சண்டை முடியும்வரை கவிராயர் கோட்டைக்குள் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.

“ஆம்பிளைக்குக் கற்பனை போதும்!” என்று கத்தினார்.

“எனக்குக் கற்பனை தேவைப்படலை சாமி. சண்டை ஓய்ஞ்சதும் புருஷன்மாரைத் தேடிக் களத்துக்குப் போனது நாங்க பொம்பளைங்கதான். செத்தவங்க சிரிச்ச முகமாக் கிடந்தாங்கன்னு நீங்க பாடியிருக்கீங்க. நான் புரட்டிப் பார்த்த முகம் ஒண்ணுகூடச் சிரிக்கலை.”

ராஜா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“பாடு, தாயி” என்றார்.