பதினெட்டு நிமிடம் ஒரே அடி

ஸ்தனிஸ்லாஸ் முப்பது வருடம் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். எந்த இசைத்தட்டிலும் அவர் பெயர் அச்சானதில்லை. ஐம்பத்திரண்டு வயதில், பேஸ் கிட்டார் வாசிக்கும் மெஹரூனிடம் புது மாதிரி இசை கற்றுக்கொள்ள வந்தார். அவளுக்கு முப்பத்தொன்று. அவர் அவளை மாஸ்டர் என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

மெஹரூன் ஓர் ஆல்பம் செய்துகொண்டிருந்தாள். எழுபதுகளில் ஜெர்மனியில் சிலர் வாசித்துப் பார்த்த ராக் இசையிலிருந்து பிறந்தது. பாட்டு கிடையாது. டிரம்ஸில் பதினெட்டு நிமிடமும் மாறாமல் ஒரே அடி.

ஆறு முறை பதிவு செய்தார்கள். ஆறு முறையும், எட்டுத் தாளச் சுற்றுக்கு ஒருதரம் அந்த அடியை விட்டு ஸ்தனிஸ்லாஸின் குச்சிகள் எல்லா டிரம்கள் மேலும் உருண்டு ஓடின.

மெஹரூன் பேஸ் கிட்டாரைக் கழற்றி வைத்தாள்.

"இன்னொரு தடவை உருட்டினா டிரம் மெஷினைப் போட்டுடுவேன் அண்ணே."

"போடுங்க மாஸ்டர். அட்டையில அதோட பேரையே அடிங்க."

"எதுக்கு உருட்டறீங்க?"

"எடம் காலியா இருந்தது. நிரப்பினேன். முப்பது வருஷம் அதுக்குத்தான் எனக்குச் சோறு போட்டாங்க."

"வாசிங்க."

இம்முறை அவள் வாசிக்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து அவருடைய கண்களைப் பார்த்தாள்.

எட்டாவது சுற்றில் அவர் கண்கள் டிரம்ஸை விட்டு அறையின் நடுவுக்குப் போயின. அங்கே, காலையில் யாரோ விளம்பரப் பாட்டுப் பாடிவிட்டுப் போன மைக் ஸ்டாண்ட் நின்றது. உடனே குச்சிகள் உருண்டன.

மெஹரூன் எழுந்தாள். ஸ்டாண்டைத் தூக்கினாள். கதவைக் காலால் தள்ளி வராந்தாவில் எறிந்தாள். அது படிக்கட்டுவரை உருண்டு போன சத்தம் கேட்டது.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு குச்சியைச் சுவரில் வீசினார்.

"பாடறவன் மூச்சு வாங்கற அந்த ஒரு நொடிதான் எனக்குன்னு இருந்தது. அவன் முதுகையே பார்த்துத் தலை நரைச்சவன் நான். அதையும் பிடுங்கிட்டா எனக்கு ஏது எடம் மாஸ்டர்?"

மெஹரூன் குச்சியை எடுத்து வந்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. டிரம் மேல் போட்டாள். அவளுக்கும் கோபம் இறங்கவில்லை.

"பாடறவர் மூச்சு வாங்கினது போதும் அண்ணே. இந்தப் பதினெட்டு நிமிஷம் நீங்க வாங்குங்க."