சுத்துற லைட்டும் செந்தூர்கனி கல்யாணமும்

“தெரியாம எங்க சார் போவும்? யானை கணக்கால்லா நிக்குது,” ன்னு ட்ராக்டர் மட்காட்டத் தட்டிக் காட்டுனாரு லிங்கதுரை.

ஜீப்ப விட்டு இறங்குன ரோடு இன்ஜினியர், தலையில விழுந்த செம்மண்ண உதறிக்கிட்டே சொன்னாரு, அந்த யானை தன் கண்ணுக்குத் தெரிஞ்சது அது முதுகுல மோத ஒரு சாண் இருக்கையிலதான்னு.

செங்காட்டுவிளையில ஆனி மாசக் காத்து எறங்குனா இதே கூத்துதான். தேரிங்கிற செம்மணல் மேட்டுல இருந்து மண்ணு பறந்து வந்து ரோட்டுல மேடு மேடா ஒக்காந்துக்கிடும். வெளிநாட்டுல பனி விழுந்து ரோட்ட மூடும்பாவ, இங்க மண்ணு. லிங்கதுரை தன் ட்ராக்டருக்கு முன்னால ஒரு பலகையக் கட்டி அதத் தள்ளி விடுவாரு. தள்ளும்போது கெளம்புற புழுதியில ட்ராக்டரும் தெரியாது, லிங்கதுரையும் தெரியாது. சத்தம் மட்டும் ரோட்டுல தனியாப் போயிக்கிட்டு இருக்கும்.

அன்னைக்கி அவருக்கு வேற அவசரம். மக செந்தூர்கனிக்கு உச்சிக்கு முன்னால முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டு பஸ்ஸு பக்கத்து ஊரு வேப்பங்காட்டூர்ல இருந்து அந்த ஒரே ரோட்டுலதான் வரணும். ஊருக்கு முன்னால இடுப்பு ஒசரத்துக்கு மண்ணு கெடக்கு. மண்ணு போனாத்தான் மாப்பிள்ளை வர முடியும்.

இன்ஜினியர் வெரல மடக்கிச் சொன்னாரு. “மேல ஒரு மஞ்ச லைட்டு இருக்கணும், அது சுத்திக்கிட்டே இருக்கணும். அந்தா நிக்குதே ஒத்தப் பனை, அங்க இருந்து பார்த்தா ட்ராக்டர் பளிச்சுன்னு தெரியணும். பின்பக்கம் ‘நூறடி தள்ளி நிற்கவும்’னு போர்டு மாட்டணும். பனி அள்ளுற ஊர்ல எல்லாம் இதுதான் சட்டம். இதெல்லாம் செய்யாம மண்ணத் தொட்டீங்கன்னா வண்டியப் பிடிச்சுருவேன்.”

அவரு போனதும் லிங்கதுரை, மச்சினன் பால்வண்ணத்தக் கூப்பிட்டாரு. ஊர்ல யோசனை சொல்லுறதுன்னா பால்வண்ணந்தான். எதையும் ஒடனே சொல்ல மாட்டாரு. காதுல தீக்குச்சியப் போட்டுக் கொடைஞ்சி, அதுக்கப்புறமாத்தான் தப்பாச் சொல்லுவாரு.

லைட்டுக்கு மைக்செட்டு தங்கப்பெருமாளப் பிடிச்சாவ. கல்யாணப் பந்தல்ல இருந்து ஒரு மஞ்ச பல்பக் கழத்திக் கொண்டாந்து, ட்ராக்டர் பேட்டரியில கோத்து, மேல கட்டுனான். நல்லாத்தான் எரிஞ்சுது. ஆனா சுத்தல.

“சுத்துற பல்பு எங்கிட்ட இல்ல அண்ணாச்சி. எல்லாம் நின்ன எடத்துல எரியிற ஜாதி,” ன்னான் தங்கப்பெருமாள்.

பால்வண்ணம் காதக் கொடைஞ்சாரு. லைட்டு சுத்தணும்னா வண்டி சுத்துனாப் போதும், வண்டி மேலதான லைட்டு இருக்குன்னாரு. சரின்னு லிங்கதுரை ஸ்டீயரிங்க ஒரே பக்கமா ஒடிச்சிப் பிடிச்சி ரோட்டுல வட்டம் போட்டாரு. லைட்டு அருமையாச் சுத்துச்சி. பாத்தவங்க எல்லாரும் திருப்திப்பட்டாவ. ரொம்ப நேரத்துக்கப்புறந்தான் லிங்கதுரைக்கு ஒரு சந்தேகம் தட்டுச்சி, மண்ணு கெடந்த எடத்துலயே கெடக்கேன்னு.

வண்டி நேராப் போகணும், லைட்டும் சுத்தணும். அதுக்கு ஒரு ஆளு பல்ப தலையில பிடிச்சிக்கிட்டு மேல நின்னு சுத்தணும்னு முடிவாச்சி. பல்பு தங்கப்பெருமாளோடது, அதனால தலையும் அவன் தலைதான். ட்ராக்டர் கூரைத் தகரத்துல ஏறி நின்னு சுத்துனான். கொஞ்ச நேரத்துல கண்ணு சொருகி, “அண்ணாச்சி, தேரி மேல போவுது,” ன்னான். அவனக் கீழ எறக்கி, வலப்பக்கமாச் சுத்துனத எடப்பக்கமாச் சுத்தி அவுத்து விட்டு, திரும்ப மேல ஏத்துனாவ.

அடுத்தது பனை. அங்க இருந்து பார்த்தா ட்ராக்டர் தெரியணும்லா. யாரையாவது அனுப்பலாம்னாரு பால்வண்ணம். லிங்கதுரை ஒத்துக்கிடல. மக கல்யாணக் காரியம், அடுத்தவன் கண்ண நம்ப முடியாது, நானே போயிப் பாக்கேன்னு சொல்லிட்டாரு. சொன்னவரு ட்ராக்டர்ல ஏறி, மேல தங்கப்பெருமாள் சுத்தச் சுத்த, பனை வரைக்கும் ஓட்டிட்டுப் போனாரு. வண்டிய நிப்பாட்டிட்டு இறங்கி, பனையில சாஞ்சி நின்னு, கண்ணுக்கு மேல கைய வச்சி மண்மேட்டப் பாத்தாரு.

ட்ராக்டர் தெரியல.

கண்ணத் தொடச்சிட்டுப் பாத்தாரு. அப்பவும் வெறும் மண்ணுதான் தெரிஞ்சுது. மேல இருந்த தங்கப்பெருமாளக் கேட்டாரு. அவன் சுத்திக்கிட்டே பாத்துட்டு, நாலு தெசையிலயும் ட்ராக்டர் இல்ல அண்ணாச்சின்னு சொன்னான்.

திரும்பி வந்து வெவரத்தச் சொன்னதும் பால்வண்ணம் முகம் செத்துப் போச்சி. ஒத்த லைட்டு பத்தல. பந்தல்ல இருந்த சீரியல் பல்பு, ட்யூப் லைட்டு, ‘நல்வரவு’ன்னு மின்னுற தட்டி எல்லாத்தையும் அவுத்துக் கொண்டாந்து ட்ராக்டர்ல சுத்துனாவ. சமையல்காரரு அண்டா மூடிய ரெண்டு பக்கமும் கட்டுனாரு, வெயில் பட்டா மின்னட்டும்னு. ஒவ்வொண்ணு கட்டுனதும் லிங்கதுரை வண்டிய ஓட்டிட்டுப் பனைக்குப் போவாரு, பாப்பாரு, தொங்குன மூஞ்சோட திரும்பி வருவாரு.

வெயில் ஏறுச்சி. அவரு பொஞ்சாதி பட்டுக்கனி, பட்டுச்சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ரோட்டுக்கு வந்துட்டா. “என்னங்க, அங்க பிள்ளை மாலையும் கழுத்துமா ஒக்காந்திருக்கா. நீங்க இங்க பனைக்கும் மண்ணுக்கும் அலையிறீயளே,” ன்னு கேட்டா. வெவரத்தக் கேட்டு அவளும் யோசிச்சா. யோசிச்சி, ரெண்டு எடத்துலயும் ஆளு நிக்கணும், அப்பத்தான் சரியா இருக்கும்னா.

இது எல்லாருக்கும் பிடிச்சிப் போச்சி. லிங்கதுரை ட்ராக்டரப் பனை கிட்ட கொண்டு போயி நிப்பாட்டுனாரு. பால்வண்ணம் மண்மேட்டுல ஏறி நின்னு பாத்தாரு. பாத்த ஒடனே வேட்டிய அவுத்து வீசிக் கத்துனாரு, “தெரியுது மாமா, நல்லாத் தெரியுது. தங்கப்பெருமாள் வாயத் தொறந்திருக்கது கூடத் தெரியுது.”

லிங்கதுரைக்குக் கண்ணு கலங்கிருச்சி. ஆனா அவரு நேர்மையான ஆளு. பைய நடந்து வந்து சொன்னாரு. “தெரியுது, சரி. ஆனா நீரு மண்ணுல இருந்துலா பாத்தீரு. பனையில இருந்து பாக்கணும்னுதான் அவரு சொன்னாரு.”

பால்வண்ணம் இந்தத் தடவ ரெண்டு காதையுங் கொடைஞ்சாரு. அப்புறமா ஓடிப் போயி பனையில இருந்து ஒரு ஓலைய வெட்டிட்டு வந்தாரு. அத மண்மேட்டுல நட்டு, அதுக்கு அடியில நின்னு பாத்தாரு. “இப்ப நான் எங்க நிக்கேன்?”

“பனைக்கு அடியில,” ன்னாரு லிங்கதுரை.

“ட்ராக்டர் தெரியுதா?”

“தெரியுது.”

“சோலி முடிஞ்சுது.”

போர்டு எழுதுறது சுளுவா முடிஞ்சுது. அரிசிச் சாக்குல சுண்ணாம்பால ‘நூறடி தள்ளி நிற்கவும்’னு பால்வண்ணமே எழுதி, வண்டிக்குப் பின்னால கட்டுனாரு. கட்டி முடிச்சி ஒரு தடவ வாசிச்சிப் பாத்தாரு. வாசிச்சதும் நூறடி தள்ளிப் போயி நின்னுக்கிட்டாரு. லிங்கதுரை ஏறப் போனாரு, அவரும் வாசிச்சிட்டாரு, அவரும் தள்ளிப் போனாரு. கடைசியில காட்டுக்குள்ள எறங்கிச் சுத்தி முன்பக்கமா வந்து, போர்டப் பாக்காம ஏறுனாரு.

அதுக்கப்புறம் மண்ணுத் தள்ளுறது ஒரு வேலையே இல்ல. வெரசா அந்தக் கோடி வரைக்கும் தள்ளி, வண்டியத் திருப்பி ஊரப் பாத்து மிச்சத்தையும் தள்ளி முடிச்சி, புழுதி அடங்கித் திரும்பிப் பாத்தா, பின்னால நூறடியில மாப்பிள்ளை பஸ்ஸு நிக்குது. சன்னல் வழியா சம்பந்தி தலைய நீட்டி, “போர்டப் பாத்தோம் சம்பந்தி, நின்னுட்டோம்,” ன்னு கத்துனாரு. ரெண்டு வீட்டுக்கும் பொருத்தம் பாத்துத்தான் முடிச்சிருந்தாவ.

லிங்கதுரை சந்தோசமா வண்டிய ஊருக்குள்ள விட்டாரு. பஸ்ஸும் நூறடி விட்டு வந்துது. அவரு பந்தல்ல நின்னாரு. பஸ்ஸு நூறடிக்கு அங்குட்டு நின்னுது. இவங்க வாங்க வாங்கன்னு கைய காட்டுனாவ. அவங்க அங்க இருந்தே கும்பிட்டாவ. யாரும் இறங்கல.

போயி முறையாக் கூப்பிடணும்னா பட்டுக்கனி. வீட்டுல வண்டி இருக்கையில பொண்ணு வீட்டுக்காரன் நடந்து போயி நின்னா மரியாதையா இருக்காதுன்னாரு பால்வண்ணம். வண்டியத் திருப்புனா போர்டு அவங்களுக்குத் தெரியாது, சட்டம் கெட்டுரும். அதனால லிங்கதுரை ஒரு கையில சந்தனக் கிண்ணத்தப் பிடிச்சிக்கிட்டு ரிவர்ஸ்ல போனாரு. ட்ராக்டர் பின்னால வரவும், பஸ் டிரைவரும் ரிவர்ஸ் போட்டான். இவரு பத்தடி போனா அவன் பத்தடி போனான். “வாங்க சம்பந்தி” ன்னு கூப்பிட்டுக்கிட்டே இவரு போறாரு, “வாரோம் சம்பந்தி” ன்னு சொல்லிக்கிட்டே அவங்க போறாவ.

பஸ்ஸு ஊரத் தாண்டிருச்சி. முகூர்த்தம் நெருங்குது. பிள்ளை கழுத்துல தாலி ஏறாமப் போயிருமோன்னு லிங்கதுரை வண்டிய வெரட்ட, சந்தனம் வேட்டியில வழிஞ்சுது. பட்டுக்கனி பொண்ண இழுத்துட்டு ஓடி வந்து ஒரு மட்காட்டுல ஏத்திட்டு, மறு மட்காட்டுல தானும் ஏறிக்கிட்டா. பால்வண்ணம் முன்பலகையில தொத்திக்கிட்டாரு. மேளக்காரங்க ரெண்டு பேரும் அங்கனயே நின்னு வாசிச்சாவ. சீரியல் பல்பு மின்ன, தங்கப்பெருமாள் மேல சுத்த, ஊர்வலம் பின்பக்கமாவே போச்சி. எதிர்ல வந்த சைக்கிள்காரங்க எல்லாம், எம்புட்டுத் தூரத்துல இருந்தே தெரியுதுன்னு பாராட்டுனாவ.

வேப்பங்காட்டூர்ல சம்பந்தி வீட்டு மதில்ல பஸ்ஸு பின்பக்கத்த முட்டிக்கிட்டு நின்னுது. அதுக்கு மேல போக எடமில்ல. ட்ராக்டரும் தெரு முக்குல நின்னுது. அப்பவும் யாரும் இறங்கல.

“பொண்ணு வீட்டுலதான் இறங்குறதுன்னு கெளம்பியிருக்கோம் சம்பந்தி. நடுவுல இறங்குனா நல்லாருக்காது,” ன்னாரு மாப்பிள்ளையோட அப்பா.

பால்வண்ணம் முன்னால வந்தாரு. “பொண்ணு எங்க இருக்கோ அதான் பொண்ணு வீடு.”

சம்பந்தி தன் வீட்டத் திரும்பிப் பாத்தாரு. “அப்ப இது எங்க வீடு இல்லியா?”

“இன்னைக்கி இல்ல.”

“அப்படின்னா இறங்கலாம்.”

லிங்கதுரை வாசல்ல நின்னு, மிச்சம் இருந்த சந்தனத்தக் குடுத்து, அவங்க வீட்டுக்குள்ள அவங்களையே வரவேத்தாரு. வீடு வசதியாத்தான் இருக்குன்னு அவங்களும் சுத்திப் பாத்துச் சொன்னாவ. முகூர்த்தம் முடியிறதுக்குள்ள தாலி ஏறிருச்சி.

தாலி கட்டுனா பொண்ண மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்லா. இது பொண்ணு வீடுன்னா, செங்காட்டுவிளையில இருக்கதுதான மாப்பிள்ளை வீடு? சாப்பாடும் அங்கதான் ஆக்கி வச்சிருக்கு. சம்பந்தி குடும்பம் முறையாச் சொல்லிக்கிட்டு, பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஏத்திக்கிட்டு கெளம்புச்சி. போகும்போது சம்பந்தி இடுப்புல இருந்த சாவிய எடுத்து, “ஒங்க வீட்டுச் சாவி எங்கிட்ட என்னத்துக்கு?” ன்னு லிங்கதுரை கையில குடுத்துட்டுப் போனாரு.

பட்டுக்கனி சேலை முந்தியில மூக்கச் சிந்துனா. லிங்கதுரை நடை வாசல்ல நின்னு, பஸ்ஸு மறையிற வரைக்கும் கைய ஆட்டுனாரு. பொண்ணப் பெத்தவனுக்கு வீடு வெறிச்சோடித்தான் போவும்னு சொல்லி அழுதாரு. பால்வண்ணம் அவரு தோளத் தட்டி, புகுந்த வீட்டுல பிள்ளை நல்லா இருப்பா மாமா, அந்த வீட்ட எனக்கு நல்லாத் தெரியும்னு ஆறுதல் சொன்னாரு.

அப்ப பக்கத்து வீட்டுப் பொம்பள சுவருக்கு மேல எட்டிப் பாத்து, “ஏ அண்ணாச்சி, இங்கன நின்னு அழுதுக்கிட்டு இருக்கீய. பொறவாசல்ல ஒங்க மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடுது, வாங்க வெரசா,” ன்னு கூப்பிட்டா.

லிங்கதுரை கண்ணத் தொடச்சிக்கிட்டு, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு, “எங்க மாடு என்ன கலரு தாயி?” ன்னு கேட்டுக்கிட்டே ஓடுனாரு.