சிவப்புத் தொப்பியும் ஒரு காபியும்

தேனி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பெரிய கம்பெனியின் சிக்கன் கடைக்குக் கிளை எடுத்திருந்தாள் தமயந்தி. திறப்பு விழாவன்று அவள் மாமியார் பேச்சியம்மாள், பால் காய்ச்சப் பானையோடு வாசலில் வந்து நின்றாள்.

கம்பெனியிலிருந்து சோதனை பார்க்க வந்த அதிகாரி கோகுல்நாத், தடித்த விதிப்புத்தகத்தைத் தட்டினார். "மெனுவுல இல்லாதது அடுப்புல ஏறக்கூடாது. வேலையாள் தவிர யாரும் உள்ள வரக்கூடாது. மீறினா என் கையெழுத்து கிடையாது."

தமயந்தி கம்பெனியின் சிவப்புத் தொப்பியை எடுத்து மாமியார் தலையில் மாட்டினாள்.

"இவங்கதான் சார் இன்னைலேருந்து நம்ம காபி மாஸ்டர். காபி மெனுவுல இருக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நீங்க ருசி பார்க்கணும்னு அந்தப் புத்தகத்துலயே இருக்கு. காபியிலேருந்து ஆரம்பிக்கலாமா?"

அதிகாரி புரட்டிப் பார்த்தார். இருந்தது.

பேச்சியம்மாள் தயங்கினாள். "தாலியறுத்தவ நான் காய்ச்சலாமா தாயி?"

"நீங்க காய்ச்சினாத்தான் அத்தை இது நம்ம கடை."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. தமயந்தி பதறிப்போய்த் துணியை எடுத்தாள்.

"இருங்கம்மா, துடைச்சிராதீங்க," என்று கோகுல்நாத் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கிழக்காலதான் பொங்கியிருக்கு."

சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.