ஆமோதிக்கத் தெரியாத ஆள்காட்டிக் குருவி

கருவேலங்காட்டுக் குளத்துக்குக் காவலாக இருந்த கொக்கை ஒரு நாள் திடீரென்று காணோம். சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போய்விட்டது என்று எல்லாருக்கும் கோபம். மான்கள் தண்ணீர் குடிக்கும்போது ஆபத்து வந்தால் குரல் கொடுப்பதுதான் அந்த வேலை. ஆள் இல்லாமல் எத்தனை நாள் ஓட்டுவது? பதினைந்து நாளில் நேர்காணல் என்று பெரியநாயகி யானை அறிவித்தது.

அறிவிப்பைக் கேட்டதும் தில்லை என்ற இளம் ஆள்காட்டிக் குருவி சிறகடித்து எழுந்தது. அந்த ஆண்டுதான் அது படிப்பை முடித்திருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். தில்லை மட்டும் இரண்டு நேர்காணலுக்குப் போய் இரண்டிலும் கோட்டை விட்டிருந்தது. கண்ணில் பட்டதைக் கத்திச் சொல்லிவிடும் பழக்கம்தான் காரணம். தேன் கிடங்கில் கேள்வி கேட்ட கரடியைப் பார்த்து, “ஐயா, மூக்குல தேன் ஒட்டியிருக்கு!” என்று கத்தியது. கிடங்கில் தேன் குறைவது ஏன் என்று அந்தக் கரடியே விசாரணை நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. மயில்களின் நடனக் குழுவிலோ, தலைவரின் தோகையில் பாதி ஒட்டுத் தோகை என்று ஊரே கேட்கச் சொல்லிவிட்டது.

அதன் அம்மா குளக்கரைத் தரையில் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

“இதுங்க பொரிஞ்சு வெளிய வந்தா நாலு வாய் கூடும்” என்றது அம்மா. “நீ ஒரு வேலையில உக்காந்தாத்தான் நான் கொஞ்சம் மூச்சு விட முடியும். இந்தத் தடவையாவது கத்தித் தொலைக்காதே.”

தில்லை நேராக நரி பரமானந்தத்திடம் போனது. நரி ஆலமரத்தடியில் நேர்காணல் பயிற்சி வகுப்பு நடத்தி வந்தது. தான் ஒரு நாள்கூட எந்த வேலைக்கும் போனதில்லை என்பதை அது யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

எந்தக் கேள்வி கேட்டாலும் முதலில் ‘நல்ல கேள்வி’ என்று சொல்ல வேண்டும். பலவீனம் என்ன என்று கேட்டால், அளவுக்கு மீறி உழைப்பதுதான் என்று சொல்ல வேண்டும். குழு விவாதத்தில் யார் என்ன சொன்னாலும் மறுக்கவே கூடாது. ‘நண்பரின் கருத்தை ஆமோதிக்கிறேன்’ என்று தொடங்கி, மேலே ஒன்றைச் சேர்த்துவிட வேண்டும். இவ்வளவுதான் பாடம். முயலும் ஓணானும் முள்ளம்பன்றியும் இதையே இரண்டு வாரம் உருப்போட்டன. கடைசியில், சாப்பிட்டாயா என்று வீட்டில் கேட்டால்கூட முயல் ‘நல்ல கேள்வி’ என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது.

தில்லைக்கு மட்டும் தனி மருந்து. “உன் தொண்டைதாம்மா உனக்கு எதிரி” என்றது நரி. “கத்தணும்னு வந்துச்சுன்னா இதை வாயில போட்டுக்கோ.” ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கொடுத்தது.

வகுப்பின் கடைசி வரிசையில் சாந்தமூர்த்தி என்ற முதலை உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது. முதலைக்கு எதற்குக் குளத்துக் காவல் வேலை என்று தில்லைக்குக் கேட்கத் தோன்றியது. வாயில் கல் இருந்ததால் கேட்கவில்லை.

குளக்கரையில் நேர்காணல் நடக்கும் நாளும் வந்தது. பெரியநாயகி யானையும் இரண்டு கிழட்டு மான்களும்தான் தேர்வுக் குழு. ஆளைப் பார்க்கக் கூடாது, பதிலை மட்டும் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு விதி இருந்தது. அதனால் முதலை உள்ளே வந்தபோது மான்கள் யானைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாலும், விதியை மீறாமல் கேள்வி கேட்டன. ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டதற்கு, நல்ல கேள்வி, இதே குளத்தில்தான், இன்னும் கொஞ்சம் பருத்து என்றது முதலை. எல்லாரோடும் சேர்ந்து பழக வருமா என்று கேட்டதற்கு, தனக்கு மான்கள் என்றால் உயிர் என்றது. மான்கள் மனம் உருகி முழு மதிப்பெண் போட்டன.

அடுத்தது குழு விவாதம். மான்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிக்க என்ன செய்யலாம் என்பது தலைப்பு.

முதலை தொண்டையைச் செருமிக்கொண்டது. “கூட்டமா வர்றதாலதான் நெரிசல், பயம் எல்லாம். ஒவ்வொருத்தரா வரணும். குட்டிங்க முதல்ல.”

“நண்பரின் கருத்தை ஆமோதிக்கிறேன்” என்றது முயல். “கண்ணை மூடிக்கிட்டு வந்தா பயமே தெரியாது.”

ஓணானும் ஆமோதித்தது. ஆழமான பக்கமாக வந்தால் தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டது. முள்ளம்பன்றிக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மதிப்பெண் போய்விடுமே என்ற பதற்றத்தில், வருவதற்கு முன் உடம்பில் கொஞ்சம் உப்பும் மிளகும் தடவிக்கொண்டால் தோலுக்கு நல்லது என்று சொல்லிவைத்தது. இவ்வளவு தூரம் தானே யோசித்ததில்லையே என்று முதலைக்குக் கண் கலங்கிவிட்டது. கிழட்டு மான்கள் எல்லாவற்றையும் மும்முரமாக எழுதிக்கொண்டன. நாளை காலையிலிருந்தே அமல்படுத்தலாம் என்று ஒரு மான் சொன்னது.

தில்லையின் முறை வந்தது. அது முதலையைப் பார்த்தது. முதலை சிரித்தது. அதன் கடைவாய்ப் பல்லில் நீளமாக ஒரு வெள்ளை இறகு மாட்டியிருந்தது. முயலும் அதைப் பார்த்திருந்தது, ஓணானும் பார்த்திருந்தது. மரியாதைக் குறைவாகப் போய்விடும் என்று இரண்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

தில்லை கல்லை வாயில் போட்டு இறுக்கிக் கடித்தது. கத்தினால் மூன்றாவது வேலையும் போய்விடும். அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரிசையில் வரப்போகிற மான்குட்டிகளை நினைத்ததும் அதற்கு அழுகையே வந்துவிட்டது. கல்லைத் துப்பியது. அது நேராகப் போய் யானையின் நெற்றியில் பட்டது.

“கொக்கு வேலையை விட்டுப் போகலை! இவர் பல்லு இடுக்குல இருக்கு!”

குளமே அதிர்ந்தது. அக்கரையில் முட்டை மேல் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் கேட்டது. போச்சு, இதுவும் போச்சு என்று அது தலையில் அடித்துக்கொண்டது.

யானை நெற்றியைத் தடவியபடி முதலையிடம் திரும்பியது. “நீங்க என்ன சொல்றீங்க? கொக்கு எங்க?”

முதலை இரண்டு வாரம் படித்த பாடத்தை மறக்கவில்லை. “நல்ல கேள்வி” என்று வாயை அகலமாகத் திறந்தது. இறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

யானை வேறு எதுவும் கேட்கவில்லை. முதலையின் வாலைத் துதிக்கையால் சுற்றிப் பிடித்து, நாலு சுழற்றுச் சுழற்றி, மலைக்கு அந்தப் பக்கம் வீசியது. அளவுக்கு மீறி உழைப்பதுதான் தன் பலவீனம் என்று கத்திக்கொண்டே முதலை பறந்து போனது.

தில்லை கீழே கிடந்த கல்லைப் பொறுக்கிக்கொண்டு மெதுவாகக் கிளம்பியது.

“எங்கேம்மா போற?” என்றது யானை.

“மன்னிச்சிடுங்கம்மா. கத்திட்டேன்.”

“கத்துறதுக்குத்தானேம்மா ஆள் தேடுறோம்! நாளைக்குக் காலையிலயே வந்துடு.”

முயலும் ஓணானும் முள்ளம்பன்றியும் அதை ஒரே குரலில் ஆமோதித்தன.

மறுநாள் காலை தில்லை காவலுக்கு வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. “பரமானந்தம் மாஸ்டர் வர்றார்! நாணலுக்குள்ள வர்றார்!” என்று கத்தியது.

நரி நாணலுக்குள்ளிருந்து தலையை நீட்டியது. நல்ல மாணவிக்கு வாழ்த்துச் சொல்ல வந்ததாகச் சொன்னது.

“வாழ்த்துச் சொல்ல வர்றவர் எதுக்கு சார் வாத்துக்குஞ்சுங்க பின்னால பதுங்கிப் பதுங்கி வர்றீங்க?”

நரி வாலைச் சுருட்டிக்கொண்டது. “நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ஓட்டம் பிடித்தது.

நேர்காணலுக்குத் தயாராகிறேன் என்று, அந்த வேலைக்கு வேண்டிய குணத்தையே வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.