இரண்டாவது தலையாட்டு

ஊர் என்று ஒன்று இருந்தால் அதற்குப் போகிற பாதை ஒன்று இருக்கும். பாதை இருந்தால் தாகம் இருக்கும். அப்படி ஒரு பாதையில், ஒரு மேட்டில், உமையாள் தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் கூடி வரவில்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் தனி உலை வைத்து, ஒரு வேளை பொங்கி இரண்டு வேளை சாப்பிடுவாள்.

பந்தலுக்கு எதிர்த்த மண்டபத்தில் ஒரு சாமியார் இருந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். இருந்தாலும் அவர்தான் குரு, அவள்தான் சிஷ்யை. அவள் ‘சாமி’ என்பாள். அவர் ‘தாயி’ என்பார்.

ஒரு திங்கட்கிழமை உமையாள் மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தாள்.

“சாமி, உப்பு வண்டிக்காரர் பூவலிங்கம் நாளைக்கு வர்றதுதான் கடைசியாம். இனிமே உப்பு லாரியில போகுமாம்.”

“சரி.”

“போறதுக்குள்ள சொல்லிடட்டுமா?”

“எதை?”

“ஒன்பது வருஷமா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அவருக்கு ஊத்தறேன். அவர்னா எனக்கு... உங்களுக்குத் தெரியாதா?”

“செவ்வாய்க்கிழமை மட்டும்தான் பானையில வெட்டிவேர் கிடக்குது. தெரியும்.”

உமையாள் தரையைப் பார்த்தாள். “அவருக்கும் மனசு இருக்கு, சாமி.”

“சொன்னாரா?”

“சொல்லலை. கையேந்திக் குடிக்கிறவங்க போதும்னா ஒரு தடவை தலையாட்டுவாங்க. நான் செம்பை நிமித்திடுவேன். அவர் மட்டும் ரெண்டு தடவை ஆட்டுவார். நான் நிறுத்தின பிறகும் ஒரு தடவை. அது எனக்கு.”

குரு எழுந்து செம்பில் தண்ணீர் மொண்டார்.

“கையேந்து.”

அவள் குனிந்து, குவித்த கையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் ஊற்றினார். வயிறு நிறைந்ததும் தலையை ஆட்டினாள். அவர் நிறுத்தினார். மோவாயில் தண்ணீர் தொங்கிச் சேலையில் சொட்டியது. யோசிக்காமல் இன்னொரு தடவை தலையை உதறினாள்.

அப்புறம் நிமிரவில்லை.

“அவருக்கு மாதிரி மீசை இருந்தா தண்ணி இன்னும் தங்கும்,” என்றாள், குனிந்தபடியே.

“தங்கும்,” என்றார் குரு. “நான் ஊத்தும்போது சிரிச்சேனா, முறைச்சேனா?”

“பாக்கலை. கையில விழற தண்ணியைத்தான்...”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“அப்போ சொல்ல வேண்டாமா, சாமி?”

“வேண்டாம்னு நான் சொல்லலையே. அவர் குடிச்சு முடிக்கட்டும். பிறகு சொல்லு.”

மறுநாள் வண்டி வந்தது. மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பூவலிங்கம் குனிந்து கையேந்தினார். உமையாள் ஊற்றினாள். ஒரு தலையாட்டு. நிறுத்தினாள். இரண்டாவது தலையாட்டில் மீசைத் தண்ணீர் அவள் கால்விரலில் தெறித்தது.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றாள்.

“என்னங்கம்மா?”

“என் பேர் உமையாள். உங்கமேல எனக்குப் பிரியம். ஒன்பது வருஷமா.”

பூவலிங்கம் அன்றுதான் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். மண்டபத்தில் குருவைத் தவிர யாரும் இல்லை.

“எனக்குத் தெரியாதேம்மா.”

“தெரியாதுன்னு நேத்துதான் எனக்குத் தெரிஞ்சுது.”

“எனக்கு அப்படியெல்லாம் ஒரு எண்ணம்...”

“இல்லை. அதுவும் தெரியும்.”

அவர் துண்டை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“இந்தத் தண்ணி மாதிரி நான் எங்கயும் குடிச்சதில்லைம்மா. அதைத்தான் என்னால சொல்ல முடியும்.”

“போதும். பாத்துப் போங்க.”

வண்டி மேட்டை விட்டு இறங்கியது. மணிச் சத்தம் தேய்கிற வரைக்கும் உமையாள் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சாமி,” என்றாள், தலையைத் தூக்காமல். “அவர் திரும்பிப் பாத்தாரா?”

“இல்லை.”

“பாத்தார்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?”

“எனக்கு ஒண்ணும் குறையாது. உனக்கு இன்னொரு ஒன்பது வருஷம் போயிடும், தாயி.”

உமையாள் தனக்கு ஒரு செம்பு மொண்டு குடித்தாள். பானையை மூடினாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.