செவலை தேடிய இலை

மின்னஞ்சல் பெட்டி நிரம்பி வழிகிறதென்று இன்று நாம் அலுத்துக்கொள்கிறோம். மிருகங்களும் பறவைகளும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில் காட்டுக்கே ஒரே பெட்டிதான். ஆற்றங்கரை மருதமரத்தின் பொந்துகளில் எல்லோரும் சேதியை இலையில் கீறிப் போட்டுவிட்டுப் போவார்கள். அதற்குக் காவல் செவலை என்கிற நாய்.

செவலைக்குத் தன் ஒழுங்கைப் பற்றி ஒரே பெருமை. கல்யாணத்துக்கு ஒரு பொந்து, சண்டைக்கு ஒரு பொந்து, குரங்குகள் தவறாமல் அனுப்பும் காலை வணக்கங்களுக்கென்றே ஒரு பெரிய பொந்து. வந்த இலையை உடனே பிரித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவான்.

ஒருநாள் மலையில் கொட்டிய மழை வெள்ளமாக ஆற்றில் இறங்கியது. பாசி என்ற நீர்நாய் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“செவலைத் தம்பி! என் தங்கச்சியோட குட்டிகளை வளையில காணோம்! இடம் மாத்தினா நத்தை ஓடு கட்டி இலை அனுப்புறேன்னு சொல்லியிருந்தா, இப்ப அவ மீன் பிடிக்கப் போயிட்டா. எடுப்பா, தண்ணி ஏறுது!”

செவலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இலை வந்தது நினைவிருக்கிறது. எந்தப் பொந்தில் போட்டோம்? குட்டி என்றா, வீடு என்றா, மழை என்றா? ஒரு பொந்தைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் படித்தான். “மயில் ஆடுகிறது, வாரீர்.” “காலை வணக்கம்.” “காலை வணக்கம்.”

“நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள குட்டிங்க முங்கிடும்!” என்று அலறினாள் பாசி.

அப்போதுதான் செவலைக்கு உறைத்தது. என்ன எழுதியிருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும்? யார் அனுப்பியது என்று பார்த்தால் போதாதா! எல்லாப் பொந்துகளையும் ஒன்றாகக் கொட்டி, குவியலுக்குள் மூக்கை நுழைத்தான்.

“மீன் வாசம் வேணும்... ஐயோ, கொக்கு, மீன்கொத்தி எல்லாமே மீன் வாசம்தான்! இறகு வாசம் வேண்டாம், தள்ளு! பழசு வேண்டாம், இன்னைக்குப் பறிச்ச இலை மட்டும்!”

மலைபோல் கிடந்த குவியல் ஒரு வாய் அளவாகச் சுருங்கியது. செவலை அதைக் கவ்வி உதறினான். கடகட! நத்தை ஓடு!

“இலுப்பை வேருக்கு அடியில!” என்று இலையில் இருந்ததைக் கத்திக்கொண்டே இருவரும் பாய்ந்தார்கள். வளை வாயில் தண்ணீர் நுழையும்போது குட்டிகளைக் கவ்விக் கவ்வி மேட்டில் சேர்த்தார்கள். அத்தனையும் உயிரோடு கீச்சிட்டன! செவலையின் வால் நிற்கவேயில்லை.

திரும்பிப் பார்த்தால், மரத்தடியில் கொட்டிய இலைகளையெல்லாம் வெள்ளம் அள்ளிப்போய் ஊர் உலகமெங்கும் இறைத்திருந்தது.

“போனா போகட்டும் விடு, தம்பி” என்றாள் பாசி.

“எப்படிக்கா விட முடியும்? அதுல இன்னொரு அம்மாவோட இலையும் இருக்குமே!”

செவலை அப்போதே கிளம்பிவிட்டான். இனிமேல் பொந்தும் வேண்டாம், பிரித்துப் போடுவதும் வேண்டாம். பார்த்த இடத்தில் பார்த்தாயிற்று என்று ஓர் அடையாளம் வைத்தால் போதும். அடையாளத்துக்குத் தன் வாசம்தான் இருக்கிறதே!

அன்று முதல்தான் நாய்கள், நாம் கயிற்றைப் பிடித்து எவ்வளவு இழுத்தாலும், ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று மோந்து பார்த்து, காலைத் தூக்கி அடையாளம் வைத்துவிட்டு அடுத்த மரத்துக்கு ஓடுகின்றன. அந்த இன்னொரு அம்மாவின் இலை இன்னும் கிடைக்கவில்லை.