மரத்துக்குப் போட்ட இலையோரம்

நெல்லிக்காட்டுக் குட்டைக் கரையில் ஒரு மரநாய் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தது. காட்டில் இருந்தது அந்த ஒரு கடைதான். மழை பொய்த்துப்போன வருடம் அது. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே சுருங்கிப்போயிருந்தன. மரநாயின் பொந்தில் மட்டும் பழைய தானியம் குவிந்து கிடந்தது. விறகோ, புளியோ, தேனடையோ கொண்டுபோய்க் கொடுத்தால் ஓர் இலைச் சோறு கிடைக்கும்.

கடையில் பரிமாறியவள் செம்பி என்கிற கௌதாரி. எதிர்க்கரைப் புதரில் அவளுக்குக் குஞ்சுகள் இருந்தன. விடிந்ததும் அவற்றைப் புதருக்குள் பதுங்கச் சொல்லிவிட்டுக் கடைக்கு ஓடி வருவாள்.

"வாங்கண்ணா! உட்காருங்க! இன்னைக்குத் தினைச்சோறு!" என்று வந்தவர்களை எல்லாம் சிரித்த முகத்தோடு கூப்பிடுவாள்.

மரநாய் அவளுக்குக் கொடுத்த கூலி அரைவயிற்றுக்கும் காணாத நொய். "மீதியைச் சாப்பிட வர்றவங்க பாத்துக்குவாங்க!" என்று அது சொல்லிவிடும். வந்தவர்களும் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட உட்காரும்போதே ஒரு பிடிச் சோற்றை இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பார்கள். அதற்குக் காட்டில் 'இலையோரம்' என்று பெயர். அது பரிமாறியவளுக்கு. செம்பியின் குஞ்சுகள் வளர்ந்தது அதில்தான்.

அந்தக் கடைக்குத் தவறாமல் வருகிறவர்களில் ஒரு முள்ளம்பன்றியும் உண்டு. எல்லோரும் அவரை ஊசியார் என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நாலு பேர் கூடின இடத்தில் நியாயம் பேசாவிட்டால் ஊசியாருக்குத் தூக்கம் வராது. "இலையோரம் வைக்காம எழுந்திரிக்கிறவன் மிருகமே இல்லை!" என்று முழங்குவார். சொன்னபடி வைக்கவும் வைப்பார். அவருக்கு முன்பல் ஒன்று உடைந்திருந்தது. அதனால் செம்பி அவருடைய கேழ்வரகை மட்டும் தனியாக ஊறவைத்துக் குழைத்துப் போடுவாள்.

ஒருநாள் கடைக்கு வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பந்தி வரிசையைக் காணோம். செம்பியையும் காணோம். கரையில் நின்ற பெரிய இலுப்பை மரத்தின் பொந்து மூங்கில் தட்டியால் அடைக்கப்பட்டிருந்தது. தட்டியிலிருந்து சில கொடிகள் தொங்கின. கொடிகளுக்குக் கீழே மூங்கில் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மரநாய் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று அறிவித்தது. "இனிமே யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்! தினை வேணுமா, இந்தக் கொடியை இழுங்க! கேழ்வரகு வேணுமா, அந்தக் கொடி! மரமே சோறு போடும்! நீங்களே எடுத்துக்கலாம்!"

ஊசியார் கேழ்வரகுக் கொடியை இழுத்தார். பொந்துக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. குழாய் வழியாகக் கேழ்வரகு உருண்டு வந்து அவர் இலையில் விழுந்தது. தொட்டுப் பார்த்தார். நன்றாக ஊறிக் குழைந்திருந்தது.

"ஆகா! என் பல்லு உடைஞ்சது இந்த மரத்துக்குக்கூடத் தெரிஞ்சிருக்கே! என்ன புத்தி! என்ன புத்தி!" என்று அவர் வியந்தார்.

குரங்கு தலையைச் சொறிந்தது. "ஊசியாரே! பரிமாற ஆளே இல்லை. நாமளே இழுத்து, நாமளே எடுக்கிறோம். அப்புறம் இலையோரம் எதுக்கு?"

ஊசியார் சற்று யோசித்தார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. "மரத்துக்கு எதுக்குப்பா சோறு? வேணாம்!" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் அன்று இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மரநாய்க்கு அது பிடிக்கவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு மரக்கிளையில் ஒரு கிளியைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. கிளிக்குப் பக்கத்தில் மரத்தில் ஒரு துளை போடப்பட்டது.

மறுநாள் கொடியை இழுத்ததும் கிளி கத்தியது. "இலையோரம் எவ்வளவு? ஒரு பிடியா? ரெண்டு பிடியா? மூணு பிடியா?"

முதலில் நின்றது குரங்கு. "ஒண்ணும் இல்லை" என்று முணுமுணுத்தது.

"ஒண்ணும் இல்லையாம்! குரங்கார் ஒண்ணும் தர மாட்டாராம்!" என்று கிளி குட்டைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி கூவியது. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரங்கு முகம் சிவந்து, ஒரு பிடி தினையை அள்ளித் துளைக்குள் போட்டது.

அடுத்து ஊசியார். பின்னால் நீண்ட வரிசை. எல்லோர் கண்ணும் அவர் முதுகில் குத்தியது. "மூணு பிடி!" என்றார்.

"ஊசியார் மூணு பிடி! ஊசியார் மகராசர்!" என்றது கிளி. ஊசியாருக்கு உள்ளம் குளிர்ந்தது.

வரிசையில் நின்ற முயல் மட்டும் கேட்டது. "ஏன் ஊசியாரே, இந்தத் துளையில போடுறதெல்லாம் யாருக்குப் போகுது?"

ஊசியாருக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் இல்லை. "வேற யாருக்கு? செம்பிக்குத்தான்! வேலையை மரம் செய்யுது. அவ வீட்டில் குஞ்சுகளோட நிம்மதியா உட்காந்திருக்கா. அவ பங்கு அவளுக்குத் தானா போய்ச் சேருது!" என்றார்.

எல்லோருக்கும் அந்தப் பேச்சு இதமாக இருந்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. குட்டையைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைப் புதர் வரை போய்ப் பார்க்கவும் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியே பழகிப்போனது. வரிசை நீளமாக இருந்தால் ஊசியார் மூன்று பிடி போடுவார். பின்னால் ஆளில்லாத மதிய நேரத்தில் வந்தால், "ஒண்ணும் இல்லை" என்று கிளியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கேட்க ஆளில்லாத நேரத்தில் கிளியும் தொண்டையை வீணாக்குவதில்லை.

கோடை முற்றியது. மரத்திலிருந்து ஒரு புதிய சத்தம் வர ஆரம்பித்தது. கொடியை இழுத்தால் முதலில் 'லொக்கு லொக்கு' என்று கேட்கும். பிறகுதான் சோறு வரும்.

"மரம் இருமுதுடோய்!" என்று அணில்கள் குதித்தன. அதைக் கேட்பதற்காகவே சில குட்டிகள் கொடியைச் சும்மா சும்மா இழுத்துவிட்டு ஓடின. ஊசியாரும் சிரித்தார். "வெயில் அப்படி! மரத்துக்கே சளி பிடிச்சிருச்சு!" என்றார்.

ஒருநாள் காலையில் அவர் கொடியை இழுத்தபோது இருமல் கேட்கவில்லை. சோறும் வரவில்லை. மறுபடி இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"இலையோரம் எவ்வளவு?" என்றது கிளி.

"சோறே வரலையே!"

"ஒரு பிடியா? ரெண்டு பிடியா?"

"அட, வாயை மூடு! உன் முதலாளி எங்கே?"

மரநாய் விறகு பார்க்க மலையடிவாரம் போயிருந்தது. பின்னால் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். "பசிக்குது! குழாய் அடைச்சிருக்கும், யாராவது போய்க் குத்திவிடுங்க!"

"நான் பார்க்கிறேன்" என்று ஊசியார் மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனார். அங்கே வேருக்கு நடுவே ஒரு சின்ன வாசல் இருந்தது. முட்களை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

உள்ளே வெளிச்சமில்லை. மூச்சு விட்டால் உமித் தூசி மூக்கை அடைத்தது. கல் உரலும் முறமும் கிடந்தன. உமிக் குவியலின் மேல் சிறகு விரிந்தபடி ஏதோ கிடந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

செம்பி!

எலும்பும் தோலுமாக இருந்தாள். கண்கள் மட்டும் மெல்லத் திறந்தன.

"யாரு... ஊசியாரண்ணனா? உங்க கேழ்வரகு அதோ ஊறிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் பொறுத்துக்குங்க அண்ணா. இப்ப எழுந்திரிச்சிடுவேன்."

ஊசியார் ஊறிக்கொண்டிருந்த கேழ்வரகைப் பார்த்தார். குழைந்த கேழ்வரகைத் தின்று, மரத்தின் புத்தியைப் புகழ்ந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்தது.

"நீ... நீயா இத்தனை நாளும் இதுக்குள்ள இருந்தே? நான்தான் கொடியை இழுக்கிறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கனைச்சுக்கிட்டே இழுப்பீங்க. தட்டிக்கு இந்தப்பக்கம் எல்லார் குரலும் கேக்கும் அண்ணா."

எல்லார் குரலும் கேட்கும்! 'மரத்துக்கு எதுக்குச் சோறு' என்று அவர் சொன்னதும் கேட்டிருக்கும். இருமலுக்குச் சிரித்ததும் கேட்டிருக்கும்.

"நாங்க அந்தத் துளையில போட்டோமே! மூணு மூணு பிடியாப் போட்டேனே! அது உனக்கு வரலையா?"

"எந்தத் துளை? குழாயில சோறு விட்டதும் மறுபடி தானியம் குத்த ஆரம்பிச்சிடுவேன். அந்தச் சத்தத்துல கிளி ஏதோ கத்தும், அவ்வளவுதான். அங்க போடுறதெல்லாம் முதலாளி பொந்துக்குப் போகும்போல. எனக்கு நொய் மட்டும்தான். அதுவும் குஞ்சுங்களுக்கே காணலை." அவள் மூச்சு வாங்கினாள். "என் மேல எல்லாருக்கும் ஏதோ வருத்தம்போல, அதான் யாரும் எதுவும் வைக்கிறதில்லைன்னு நெனைச்சேன். என்ன தப்புப் பண்ணினேன்னுதான் தெரியலை."

"நீ ஒரு தப்பும் பண்ணலை தாயி!" என்றார் ஊசியார். ஊறிய கேழ்வரகை அள்ளி அவள் அலகருகே கொண்டுபோனார். அவள் வாய் திறக்கவில்லை.

"அது உங்களுக்கு அண்ணா" என்றாள். அதோடு அவள் மூச்சு அடங்கிவிட்டது.

ஊசியார் அவளைக் கீழே விடாமல் இரண்டு கைகளிலும் தாங்கி வெளியே கொண்டுவந்தார். அணில்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மரம் ஏன் இருமியது என்று இப்போது யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மரநாய் திரும்பி வந்தபோது எல்லோரும் அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"செம்பிக்குச் சேர வேண்டியதை நீ தின்னுட்டியே பாவி!" என்று ஊசியார் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு கத்தினார்.

மரநாய் பதறவில்லை. "செம்பிக்குன்னு நான் எப்ப சொன்னேன்? கிளி எப்பவாவது சொல்லிச்சா?"

எல்லோரும் கிளையில் இருந்த கிளியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"செம்பிக்குன்னு ஊருக்கெல்லாம் சொன்னது யாரு ஊசியாரே?"

ஊசியாரின் முட்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. முயல் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"மரம் என்னுது. துளையும் என்னுது. மரத்துக்குப் போட்டீங்க, நான் எடுத்துக்கிட்டேன். கேக்க வேண்டியதை அப்பவே கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு மரநாய் உள்ளே போய்விட்டது.

அன்று ஒரு நாள் கடை மூடியிருந்தது. மறுநாள் தட்டிக்குப் பின்னால் மறுபடி உரல் சத்தம் கேட்டது. யாரோ ஒரு வயல் எலியாம். அதற்கும் வீட்டில் பசியாம். காட்டில் வேறு கடை இல்லை, மழையும் இல்லை. அதனால் மிருகங்கள் தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் வந்து நின்றன. கிளி கேட்டது. பலரும் பழையபடி துளையிலேயே போட்டார்கள். மரத்தைச் சுற்றிப் பின்பக்கம் போவதற்குக் கொஞ்சம் நடக்க வேண்டுமே!

ஊசியாரும் வந்தார். "ஒண்ணும் இல்லை!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கிளி அவர் பெயரைச் சொல்லிக் கூவியது. அவர் காதில் வாங்கவில்லை. மரத்தின் பின்னால் போய் எலியைக் கூப்பிட்டார். எலி மிரண்டுபோய் மூக்கை நீட்டியது. ஒரு பிடிச் சோற்றை அதன் கையிலேயே வைத்தார். முயலும் அவருக்குப் பின்னால் வந்து வைத்தது. வேறு யாரும் வரவில்லை.

இலையில் மிச்சமிருந்ததை அவர் தின்னவில்லை. மடித்து எடுத்துக்கொண்டு குட்டையைச் சுற்றி எதிர்க்கரைக்கு நடந்தார். தண்ணீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தது. புதரருகே இலையைப் பிரித்து வைத்துவிட்டுத் தன் முட்களுக்குப் பயப்படாமல் இருக்கட்டும் என்று தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

வெகுநேரம் கழித்துப் புதர் அசைந்தது. இரண்டே குஞ்சுகள் வெளியே வந்தன. மற்றவை என்னவாயின என்று கேட்க ஊசியாருக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு குஞ்சு சோற்றைக் கொத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "இது யாரு குடுத்தது?"

"உங்கம்மா சம்பாதிச்சதுதான். உங்கம்மாவுக்கு நாங்க எல்லாரும் குடுக்க வேண்டியது" என்றார் ஊசியார்.

"அம்மா எப்ப வருவாங்க?"

ஊசியார் "சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காய்ந்த குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் அவசர அவசரமாகக் கொத்தித் தின்றன.

கொடுக்கிற கை இருந்தால் மட்டும் போதாது, கொடுத்தது உழைத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற கண்ணும் வேண்டும்.